குப்பை குறைந்த கல்யாணம்: தலைக்கணக்கிலிருந்து கடைசிப் பந்தி வரை ஒரு முழு வழிகாட்டி

2016 ஆவணியில் மதுரையில் என் தங்கை கல்யாணம் நடந்தது. அன்று மாலை மண்டபச் சாவியை ஒப்படைக்கப் போனபோது பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். இடுப்பளவு உயரத்துக்கு எச்சில் இலை குவிந்து கிடந்தது. இலைக்குள் சோறு, பிட்டு வைத்த ஜாங்கிரி, தொடாத வடை. இடையிடையே 300 மில்லி தண்ணீர் பாட்டில்கள். பாதிக்கு மேல் தண்ணீரோடு. மேடையில் மாட்டியிருந்த தெர்மாகோல் பெயர்ப் பலகை இரண்டாக உடைந்து சாம்பாரில் ஊறிக் கிடந்தது. இரண்டு பெண்கள் கையுறைகூட இல்லாமல் அந்த ஈரக் குவியலுக்குள் கைவிட்டு பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாடு இலையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கப்பையும் மென்றுகொண்டிருந்தது. அந்த பாட்டில்களையும் கப்புகளையும் வாங்கிவரச் சொன்னது நான்தான்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் நடந்த ஐந்து கல்யாணங்களில் மண்டபம், சமையல், பந்தி ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கி என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் ஏதோ சறுக்கியது, ஏதோ கைகூடியது. 2023 தையில் பெரியப்பா பேத்தி கல்யாணத்தில்தான் ஓரளவு நினைத்தபடி நடந்தது. அந்த அனுபவத்தை வரிசையாக எழுதுகிறேன்.

வரிசை முக்கியம். "பசுமைக் கல்யாணம்" என்றதும் நிறையப் பேர் விதைப் பத்திரிகையில் தொடங்குகிறார்கள். 900 பேருக்கு 24 வகைச் சாப்பாடு போட்டு அதில் கால்வாசியைக் கொட்டிவிட்டு, பத்திரிகையில் துளசி விதை வைத்து என்ன ஆகப்போகிறது? பெரிய சேதம் தலைக்கணக்கிலும் அடுப்படியிலும் இருக்கிறது. அடுத்தது பயணமும் கரண்டும். அலங்காரம், உடை, தாம்பூலப் பை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

முதல் வேலை: எத்தனை பேர், எத்தனை வேளை

நாள் குறித்த வாரமே ஒரு நோட்டை எடுங்கள். குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதி, பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: முதல் நாள் ராத்திரி வரவேற்பு, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்று எழுதவேண்டும். "600 பத்திரிகை அடித்திருக்கிறோம், ஆளுக்கு இரண்டு பேர், 1,200 இலை" என்ற கணக்குதான் எல்லாச் சேதத்துக்கும் வேர். வரவேற்புக்கு வந்து மொய் எழுதியவர்களில் பெரும்பாலானோர் மறுநாள் முகூர்த்தத்துக்கு வருவதில்லை. வெளியூர்ச் சொந்தம் மூன்று வேளையும் சாப்பிடும். அலுவலக நண்பர்கள் ராத்திரி மட்டும். இதையெல்லாம் பிரித்து எழுதியபோது பெரியப்பா வீட்டில் முகூர்த்தச் சாப்பாட்டுக் கணக்கு 800-லிருந்து 520-க்கு இறங்கியது. அன்று விழுந்த இலை 541.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் நோட்டை ஐந்து பேருக்குப் பங்கு பிரித்துப் போன் போடச் சொல்லுங்கள். "வருவீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "வராம இருப்போமா" என்பார்கள். "ராத்திரி வர்றீங்களா, காலையிலயா? எத்தன பேரு, தங்க ரூம் போடணுமா?" என்று கேட்டால் உண்மையான எண் வந்துவிடும்.

விழாக்களின் எண்ணிக்கையையும் ஒருமுறை யோசியுங்கள். நிச்சயம் தனி மண்டபம், வரவேற்பு தனி மண்டபம், முகூர்த்தம் தனி மண்டபம் என்று போனால் மூன்று அலங்காரம், மூன்று சமையல், மூன்று பயணம். நிச்சயத்தை வீட்டோடு முடிப்பது, இரு வீட்டு வரவேற்பையும் ஒன்றாக வைப்பது என இதிலேயே பெரும் பங்கு குறையும். இன்னும் எளிமையாகச் செய்ய நினைப்பவர்களுக்கு நம் மாநிலத்தில் சட்டமே துணை இருக்கிறது. 1967-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணம் முழுச் செல்லுபடி உள்ளது. 2020 கொரோனா ஊரடங்கில் 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றிருந்தபோது என் சித்தப்பா மகன் கல்யாணம் வீட்டு முற்றத்தில் நடந்தது. இன்றும் எங்கள் சொந்தத்தில் எல்லோரும் ஆசையோடு பேசுவது அந்தக் கல்யாணத்தைப் பற்றித்தான்.

பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது

இதைத் தாண்டாமல் வேறு எதுவும் நடக்காது. பணம் போடுவது அவர்கள். நாலு பேர் பேச்சைக் கேட்பதும் அவர்கள். பெரியப்பாவிடம் நான் முதலில் கார்பன், மீத்தேன் என்று ஆரம்பித்தேன். "கஞ்சத்தனமாக் கல்யாணம் பண்ணினான்னு சொல்லணுமா?" என்று எழுந்துபோய்விட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அவருக்குக் கல்யாணச் சாப்பாடு என்பது வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை.

அடுத்த தடவை மரியாதையைப் பற்றியே பேசினேன். "பெரியப்பா, பிளாஸ்டிக் பாட்டில உருட்டி விடுறது கவனிப்பா, எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திக் கேட்டுக் கேட்டுக் குடுக்கிறது கவனிப்பா?" "24 அயிட்டம் ஆறிப்போய் வர்றது மரியாதையா, 14 அயிட்டம் சுடச்சுட வர்றதா?" அவரே பாதி வேலையை எடுத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் பேச்சுக்கு எடை உள்ள ஒரு அத்தையோ மாமாவோ இருப்பார். அவரை முதலில் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் எந்த மாற்றத்தையும் பேசி முடிக்காமல் செய்யாதீர்கள். பந்தியில் வைத்து அது தெரியவந்தால் சண்டையில் போய் முடியும்.

மண்டபம் பார்க்கும்போது

மேனேஜரிடம் கேட்கவேண்டியவை சில உண்டு. பஸ் ஸ்டாண்டுக்கோ ரயில் நிலையத்துக்கோ எவ்வளவு தூரம்? பகலில் விளக்கும் ஏ.சி.யும் இல்லாமல் பந்தி ஹாலில் உட்கார முடியுமா? குடிக்க ஆர்.ஓ. தண்ணீர் இருக்கிறதா? எவர்சில்வர் டம்ளர் எத்தனை இருக்கிறது, கழுவ இடம் எங்கே? குப்பையை யார் எடுக்கிறார்கள், எங்கே போகிறது? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் போயிடும் சார்" என்று பதில் வந்தால் விடாமல் கேளுங்கள். மதுரைக் குப்பை வெள்ளக்கல்லுக்குப் போகிறது. கோவைக் குப்பை வெள்ளலூருக்கு. சென்னைக் குப்பை கொடுங்கையூருக்கும், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடிக்கும். பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலிலும் வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலிலும் நாள்கணக்கில் எரிந்தன. சோறும் பிளாஸ்டிக்கும் கலந்து குவிகிற இடத்தில், காற்றுப் புகாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றக்கூடியது. தீப்பிடிக்கவும் அதுவே வழிசெய்கிறது.

வீட்டு வாசலிலோ தோப்பிலோ பந்தல் போட்டு நடத்துகிறீர்களா? 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள், உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் விழாவென்றால் குறைந்தது மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்லவேண்டும், குப்பையைப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்றன. சொல்லி வைத்தால் வண்டி வரும் நேரத்தையும் பேசிக்கொள்ளலாம்.

ஜெனரேட்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் டீசலில் மூன்று யூனிட் சொச்சம் கரண்ட் வரும், 2.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறும். கரண்ட் இருக்கும்போதே, வோல்டேஜ் ஆடாமல் இருக்க வேண்டும் என்று மேடை விளக்குக்காக ஜெனரேட்டரை ஓட்டுவார்கள். கரண்ட் போனால் மட்டும் ஓட்டச் சொல்லி எழுதி வாங்குங்கள். முகூர்த்தம் பகலில்தான் என்றால் வரவேற்பையும் பகலிலேயே வைக்க முடியுமா என்று பாருங்கள். கோடையைத் தவிர்த்துத் தையில் நாள் கிடைத்தால் ஏ.சி. செலவே பாதியாகும்.

அடுப்படி

சமையலுக்கு இரண்டு வகையில் பேசுவார்கள். ஒன்று, மளிகையும் காய்கறியும் நாம் வாங்கிக் கொடுத்து மாஸ்டருக்குக் கூலி தருவது. இன்னொன்று, இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக கேட்டரிங்கிடம் விடுவது. இரண்டிலுமே சோறு வீணாவதற்கு வழி இருக்கிறது.

கூலிக் கணக்கில், சாப்பாடு பற்றாமல் போனால் பழி மாஸ்டர் மேல் விழும். அதனால் மளிகை லிஸ்டைத் தாராளமாகவே போடுவார். இலைக் கணக்கில், குறைந்தபட்சம் இத்தனை இலைக்குப் பணம் என்று பேசிவிடுவார்கள். 800 என்று சொல்லிவிட்டு 550 பேர் வந்தாலும் 800-க்குச் சமைத்துவிடுவார்கள், நாமும் 800-க்குக் கொடுப்போம். உறுதி எண்ணைக் குறைவாக வைத்து, அதற்குமேல் விழும் இலைக்குச் சற்று அதிக விலை தருகிறோம் என்று பேசிப் பாருங்கள். நாங்கள் 480 உறுதி, மேலே 100 வரை கூடுதல் விலை என்று பேசினோம். அவருக்கும் லாபம், நமக்கும் மிச்சம்.

அப்புறம் வகைகள். இலையில் 24 வகை இருந்தால் ஒரு மனிதர் அதில் பத்தைக்கூட முழுசாகச் சாப்பிடுவதில்லை. மீதி எல்லாம் ருசி பார்த்துவிட்டு ஒதுக்கியவை. எங்கள் வீட்டில் இரண்டு இனிப்பு ஒன்றானது; கோபி மஞ்சூரியன், குட்டிச் சப்பாத்தி, பிரிஞ்சி மூன்றும் போயின; பருப்பு, நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், கூட்டு, இரண்டு பொரியல், அவியல், அப்பளம், வடை, பாயசம், ஒரு லட்டு என்று பதினான்கில் நின்றது. எங்கள் மாஸ்டர் வழக்கமாக 100 பேருக்கு 10 கிலோ அரிசி போடுவார். "அண்ணே, இத்தன அயிட்டம் இருந்தா யாரு அவ்வளவு சோறு சாப்பிடுறா?" என்று கேட்டால், எட்டு கிலோ போட்டாலே மிஞ்சும் என்று அவரே ஒப்புக்கொள்வார். உலக சராசரியில் ஒரு கிலோ அரிசி விளைவிக்க ஏறக்குறைய 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது. மிஞ்சிக் கொட்டிய சோறு 10 கிலோ அரிசிக்குச் சமம் என்றால், இரண்டு 12,000 லிட்டர் டேங்கர் லாரித் தண்ணீரை வடிகாலில் விட்டதற்குச் சமம். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வைகையைப் பார்த்தாலே போதும்.

எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய பலன் தந்த மாற்றம், உலையைப் பிரித்து வைத்ததுதான். எல்லாச் சோற்றையும் பதினோரு மணிக்கே வடித்து வைத்துவிடக்கூடாது. முதல் இரண்டு பந்திக்கு வடித்ததும், அடுத்த உலைக்கான அரிசியைக் களைந்து ஊறவைத்துக் காத்திருக்கவேண்டும். காயும் அப்படியே. கடைசிப் பந்திக்கான காயை நறுக்காமல் வைத்திருந்தால், ஆள் வராவிட்டால் காய் காயாகவே மிஞ்சும். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். இதற்கு ஒருவர் பந்தி வாசலில் நின்று, உள்ளே போனவர் எத்தனை, வெளியே காத்திருப்பவர் எத்தனை என்று மாஸ்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலையை மதினி செய்தார்கள். மணமேடைப் பக்கமே அவர்களால் போக முடியவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம். இரண்டு பேரை மாற்றி மாற்றி நிறுத்துங்கள்.

பந்தி

பரிமாறுபவர்களிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். ஆள் உட்காரும் முன்பே எல்லா இலையிலும் எல்லாவற்றையும் வைத்து முடிப்பது அவர்களுக்கு வசதி. ஆனால் காலி இடத்து இலையும் அப்படியே குப்பைக்குப் போகும். உட்கார்ந்த பிறகு இலை போடுங்கள், இலை போட்ட பிறகு வையுங்கள். சின்னக் கரண்டி கொடுங்கள். இரண்டாம் முறை கட்டாயம் வரச் சொல்லுங்கள். இரண்டாம் முறை வருவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவர் முதல் முறையே "போதும்" என்று கைகாட்டுவார். சோற்றை அள்ளி வைக்கும் முன் "சாம்பாருக்கு இவ்வளவு போதுமா?" என்று கேட்பது பழைய பந்தி வழக்கம்தான். குழந்தைகளுக்குச் சின்ன ஏட்டில் அரை வடை, அரை அப்பளம், பாதி லட்டு.

இலைக்கு வாழையிலையை மிஞ்ச ஒன்றுமில்லை. சோழவந்தான் பக்கத்திலிருந்தே கட்டுக்கட்டாக வருகிறது; கழுவ ஒரு கை தண்ணீர் போதும். டிபனுக்குப் பாக்குமட்டைத் தட்டோ மந்தார இலையோ நல்லது. வாழையிலை அச்சடித்த பேப்பர் தட்டை மட்டும் தொடாதீர்கள். அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. பலருக்கு அந்தப் பட்டியல் தெரியாது: மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டும் கப்பும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும் பேப்பர் கப்பும், தண்ணீர் பாக்கெட், ஸ்ட்ரா, பிளாஸ்டிக் கொடி, கூடவே நான்-ஓவன் பையும். ஆக, காபிக்கு நாம் வாங்கும் சாதாரணப் பேப்பர் கப்பும் தடைக்குள் வரும். டபரா செட்டோ எவர்சில்வர் டம்ளரோ பாத்திரக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். 600 பேர் கல்யாணத்துக்கு 250 டம்ளரும் கழுவ இரண்டு ஆளும் போதும். மேஜை மேல் ஒன்றும் விரிக்காமல் பந்திக்குப் பந்தி ஈரத்துணியால் துடைத்தாலே சுத்தமாக இருக்கும்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேனும் குடமும். பந்தியில் ஜக்கில் ஊற்ற நான்கு பையன்கள். "கல்யாணத்துல பாட்டில் இல்லையா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். மாமா ஒருவர் சீரகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர்களோடு பேசி உட்காரவைத்துவிட்டார்.

மிஞ்சினால்

எவ்வளவு கணக்குப் போட்டாலும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதும் ஆள் தேடக்கூடாது. ஒரு வாரம் முன்பே பேசி வைக்கவேண்டும். 2014-ல் கோவையில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் இதையே வேலையாகச் செய்கின்றன. மிஞ்சும் உணவைப் பகிர்வதற்கென்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் தனி விதிமுறையே கொண்டுவந்தது. பக்கத்தில் முதியோர் இல்லமோ விடுதியோ இருந்தால், அவர்கள் அன்றைக்குச் சமைப்பதற்கு முன்பே தெரிந்தால்தான் அவர்களுக்கும் உதவியாக இருக்கும். மூன்று மணிக்கு மூன்று அண்டாச் சாம்பாரோடு வாசலில் போய் நிற்பது உதவியில்லை.

கொடுப்பதற்குத் தகுதியானது எது? அடுப்படியில் மூடியே இருந்த சோறும் குழம்பும். பந்தி வாளியில் மிஞ்சியது கூடாது. சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கவேண்டும். சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கெடத் தொடங்கும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் அவியலும் பால் பாயசமும் முதலில் கெடும். அவற்றைக் குறைவாகவே செய்யச் சொல்லுங்கள். 2018-ல் மச்சான் கல்யாணத்தில் மாலை ஐந்து மணிக்கு அவியல் கொடுத்தனுப்பினோம். கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். கூனிக்குறுகிப் போனேன். யாரும் சாப்பிடும் முன் அவர்கள் மோந்து பார்த்ததுதான் நல்லகாலம்.

எச்சில் இலையும் காய்க் கழிவும் மாட்டுக்கோ உரக்குழிக்கோ போகலாம். அதில் டிஷ்யூ, பாக்குப் பாக்கெட், ஐஸ்கிரீம் கப் கலக்காமல் இருக்கவேண்டும். ஐஸ்கிரீமையே நிறுத்தினோம். பீடா மட்டும் வைத்தோம். அதைக் குத்தும் பிளாஸ்டிக் குச்சிக்குப் பதில் கிராம்பு.

பூவும் மேடையும்

வாழைமரம், மாவிலைத் தோரணம், குருத்தோலை, கமுகங்குலை. இவை எல்லாமே மறுநாள் மாட்டுக்கோ மண்ணுக்கோ போகக்கூடியவை; நம் கண்ணுக்குக் கல்யாணம் என்று சொல்பவையும் இவைதான். பூவுக்கு நிலக்கோட்டையும் மாட்டுத்தாவணியும் பக்கத்தில் இருக்கும்போது, தாய்லாந்திலிருந்து விமானத்தில் வரும் ஆர்க்கிட் எதற்கு? செவ்வந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை, அரளி, மரிக்கொழுந்து என்று அந்தப் பருவத்துப் பூவைக் கேளுங்கள். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும் மல்லியைத் தலைக்கும் மாலைக்கும் வைத்துக்கொண்டு, மேடைக்குச் செவ்வந்தி போடலாம்.

டெக்கரேட்டரிடம் நான்கு பொருள் வேண்டாம் என்று எழுதி வாங்குங்கள். முதலாவது பூ குத்தும் பச்சைக் கட்டி. அது மண்ணல்ல, பிளாஸ்டிக் நுரை; நொறுங்கினால் தூளாகித் தண்ணீரில் கலந்துவிடும். ஈர வைக்கோல் சுற்றிய கம்பியிலோ ஈரச் சணலிலோ பூவைக் குத்தலாம். இரண்டாவது தெர்மாகோல் எழுத்து. கோலமாவிலோ பூவிலோ பெயர் எழுதக்கூடியவர் உங்கள் வீட்டிலேயே இருப்பார். மூன்றாவது மின்னும் தாள் சிதறும் பார்ட்டி பாப்பர். நான்காவது ஃபிளெக்ஸ்.

ஃபிளெக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாணத்துக்காகச் சாலையில் வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் தடுமாறித் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அதன் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் தெருவில் பேனர் வைப்பதில்லை. வாசலில் ஒரு கரும்பலகை, சாக்பீஸ் எழுத்து. வழி தெரியாதவர்களுக்கு மேப் லிங்க் அனுப்பிவிடுகிறோம்.

பட்டு, தங்கம்

அம்மாவின் முகூர்த்தப் புடவையைப் பாலிஷ் போட்டு, புது ரவிக்கை தைத்துக் கட்டுவது நல்ல வழி. பெரியப்பா பேத்தி அவள் பாட்டியின் அரக்குநிறக் காஞ்சிபுரத்தைக் கட்டினாள். வரவேற்புக்கு ஒருநாள் மட்டும் போடும் லெஹங்காவும் ஷெர்வானியும் வாடகைக்கு எடுங்கள். புதுப் பட்டு வாங்குவதென்றால், நெசவாளருக்கு நல்ல கூலி போகும் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரே ஒரு புடவை, பல முறை கட்டும் நிறத்தில்.

தங்கத்தைப் பற்றி யாரும் இந்தப் பேச்சில் சேர்ப்பதில்லை. ஒரு டன் பாறையை உடைத்துச் சயனைடில் கரைத்தால் சில கிராம் தங்கம்தான் கிடைக்கும். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலைசெய்த கோலார் தங்கவயல் 2001-ல் மூடப்பட்டது. மூடிய பின்னும் அங்கே சயனைடு மண்மேடுகள் குன்றுபோல நிற்கின்றன. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது. பீரோவில் கிடக்கும் பழைய நகையை அழித்துப் புது நகை செய்தால், புதிதாக ஒரு பாறையும் உடையவேண்டியதில்லை. சேதாரம், கூலி பேசிக்கொள்ளுங்கள்.

பயணம்

மாப்பிள்ளை வீடு சென்னை. 40 பேர் மதுரைக்கு வரவேண்டும். போகவர 920 கிலோமீட்டர். பத்துக் காரில் வந்தால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 610 லிட்டருக்கு மேல் பெட்ரோல். ஒரே பஸ்ஸில் வந்தால் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கணக்கில் 230 லிட்டர் டீசல். கார்பன் கணக்கில் பாதிக்கும் கீழே. ரயிலில் வந்தால் இன்னும் குறையும். ஆள் அதிகமென்றால் ரயில்வேயில் முன்பணம் கட்டி ஒரு பெட்டியையே பதிவுசெய்யும் வசதியும் உண்டு. மாதக்கணக்கில் முன்னால் விண்ணப்பிக்கவேண்டும். எங்களுக்கு வைகை எக்ஸ்பிரஸில் 32 பேருக்கு டிக்கெட் கிடைத்தது. ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்கு ஒரு வேன். அந்த ரயில் பயணத்திலேயே பாதி உறவு கூடிவிட்டது என்று மாப்பிள்ளையின் அத்தை சொன்னார்கள்.

பத்திரிகையும் தாம்பூலப் பையும்

இவை சின்ன விஷயங்கள். 100 பத்திரிகை பெரியவர்களுக்கு மஞ்சள் தடவி நேரில். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில், கூடவே ஒரு போன். பத்திரிகையில் பிளாஸ்டிக் லேமினேஷனும் ஜிகினாவும் வேண்டாம், அவை மறுசுழற்சிக்குப் போகாது. சாமி படம் போட்டால் யாரும் குப்பையில் போடத் தயங்குவார்கள் என்பதையும் யோசியுங்கள்.

தாம்பூலப் பைக்கு அசல் பருத்தித் துணி. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு மஞ்சள் பை எளிதாகக் கிடைக்கிறது. துணி மாதிரி இருக்கும் நான்-ஓவன் பைக்கு ஏமாறாதீர்கள். ஒரு நூலைத் தீயில் காட்டினால் பருத்தி சாம்பலாகும், அது உருகும். பெயரையும் தேதியையும் பை நிறைய அச்சடித்தால் யாரும் கடைக்கு எடுத்துப் போகமாட்டார்கள். ஓரத்தில் சின்னதாகப் போடுங்கள். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள். மரக்கன்று கொடுக்க ஆசை என்றால், கேட்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள். 2019-ல் 400 கன்று கொடுத்தோம். சாயங்காலம் வாசலிலும் கார் நிறுத்தும் இடத்திலும் நூற்றுக்கு மேல் அனாதையாகக் கிடந்தன. அந்தக் காசில் ஊர்க் கண்மாய்க்கரையில் பத்து மரம் நட்டு, இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்ற ஒருவருக்குக் கூலி கொடுப்பது மேல்.

அன்றைக்கு

பந்தி ஹால் வாசலில் மூன்று டிரம்: இலை, காகிதம், மற்றவை. டிரம்மை வைத்துவிட்டுப் போனால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் கலந்துவிடும். பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேரை நிறுத்திப் பாருங்கள், மாமாக்களே பயந்து சரியான டிரம்மில் போடுவார்கள். சுத்தம் செய்பவர்களுக்குக் கையுறை, காலுக்கு பூட்ஸ் முதல் நாளே வாங்கி வையுங்கள், மண்டபம் தருவதில்லை. கடைசிப் பந்தியில் அவர்களுக்கு இலை போட்டு நாமே பரிமாறவேண்டும், பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்பக்கூடாது.

2023-ல் அப்படி உட்கார்ந்து சாப்பிட்ட அம்மா ஒருவர் கை கழுவிவிட்டு வந்து என்னிடம் கேட்டார்: "இலையெல்லாம் சுத்தமா இருக்கு தம்பி, சந்தோஷம். ஆனா பாட்டிலு ஒண்ணுகூட இல்லையே. அதப் போட்டாத்தான எங்களுக்கு நாலு காசு?" அதை நான் யோசித்திருக்கவே இல்லை. பழைய இரும்புக் கடையில் பாட்டிலுக்குக் கிடைத்திருக்கும் பணத்தைப்போல மூன்று மடங்கை அன்று கையிலிருந்து கொடுத்தேன். இப்போது கல்யாணச் செலவு நோட்டில் தண்ணீர் பாட்டில் என்று இருந்த வரியை அடித்துவிட்டு, அதே இடத்தில் அவர்களுக்கான தொகையை எழுதிவிடுகிறோம்.